சார்ஜரை வாங்கிய பிறகுதான் ஜெனரேட்டர் பார்க்கப் போனேன்

போன வருடம் ஐப்பசியில் மூன்று நாள் விடாத மேக மூடாக்கு. மூன்றாம் நாள் ராத்திரி எட்டரை மணிக்கு சோலார் பேட்டரித் திரையில் 14 சதவீதம் என்று காட்டியது. அம்மா கிரைண்டரில் உளுந்து போட்டிருந்தார். நிறுத்தச் சொன்னேன். "பாதி மாவுல எப்படிடா நிறுத்துறது?" என்றார். கேள்வி நியாயம்தான். மாவு பொங்க ஆரம்பித்தபோது ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரே ஒரு விளக்கை எரியவிட்டு உட்கார்ந்திருந்தோம். ஜெனரேட்டர் வாங்கியே தீரவேண்டும் என்று முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

வீடு கேரளத்து இடுக்கி மாவட்டத்தில் காந்தலூருக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பூண்டும் பீன்ஸும் போடுகிற சின்னத் தோட்டம். கரண்டுக் கம்பி கீழ் ரோட்டோடு நின்றுவிட்டது; ஐந்து வருடமாக சோலார்தான். கூரையில் 540 வாட் பேனல் ஆறு, 5 கேவிஏ இன்வெர்ட்டர் ஒன்று, 51.2 வோல்ட் 100 ஏ.எச். (ஆம்பியர் மணி) லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி இரண்டு. இரண்டு பேட்டரியும் நிறைந்தால் 10 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். எங்கள் செலவு ஒரு நாளைக்கு 4 யூனிட். வெயில் காலத்தில் மத்தியானத்துக்குள் பேட்டரி நிறைந்து, மிச்ச வெயில் சும்மா கூரையில் காய்ந்துகொண்டிருக்கும். மறையூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை அவ்வளவாக வராது, மலை மறைத்துவிடும். எங்களை அடிப்பது ஐப்பசி, கார்த்திகை மழையும் அதோடு வரும் மஞ்சு என்கிற மூடுபனியும். மஞ்சு இறங்கிவிட்டால் நாளுக்கு ஒரு யூனிட் தேறுவதே பெரிய பாடு. அப்படி மூன்று நாள் போனால் கணக்கு சரியாகக் கிரைண்டரில் வந்து நிற்கும்.

ஜெனரேட்டர் வேண்டும் என்று வாயைத் திறந்ததும் யோசனைகள் வந்து குவிந்தன.

முதல் யோசனை மாமாவுடையது. மறையூரில் வெல்லம் காய்ச்சும் ஆலை வைத்திருந்தவர். கரும்பு பிழிய ஓட்டிய பெரிய டீசல் எஞ்சின் சாக்குக்கு அடியில் சும்மா கிடந்தது. "ஒரு ஆல்டர்னேட்டரை மட்டும் வாங்கிக் கோத்துக்கோ மாப்ளே, உன் ஆயுசுக்கும் ஓடும்" என்றார். ஓடும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. நிமிடத்துக்கு 1500 சுற்றில் நிதானமாக ஓடும் எஞ்சின், ஒரு யூனிட்டுக்குச் செலவாகும் எரிபொருளும் பெட்ரோல் எஞ்சினைவிடக் குறைவு. ஆசையாகத்தான் இருந்தது. அந்த எஞ்சினின் டுக் டுக் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்கு வருடம் முழுக்க ஜெனரேட்டரிலிருந்து வேண்டியது 80 யூனிட்டுக்குள்தான். சிறிய டீசல் எஞ்சினில் ஒரு யூனிட்டுக்கு 350 மில்லி, சிறிய பெட்ரோல் எஞ்சினில் 550 மில்லி என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு மிச்சமாவது இரண்டாயிரம் ரூபாய். அதற்காக நாலு பேர் மூங்கில் கட்டித் தூக்குகிற எடையை மேட்டில் ஏற்றி, கான்கிரீட் மேடை போட்டு, மார்கழிக் குளிரில் விடியற்காலை ஹேண்டில் சுற்றவேண்டும். இன்னொன்றும் உண்டு. டீசல் எஞ்சினை அதன் சக்தியில் கால் பங்குச் சுமையில் மணிக்கணக்காக ஓட்டினால் சிலிண்டர் போதுமான சூடு ஏறாது, டீசல் முழுதாக எரியாது, புகைக்குழாய் வாயில் கறுப்பாகப் பிசின் கசியும். ஆலையில் கரும்பு பிழிந்தபோது அதற்கு முழுச் சுமை இருந்தது. என் பேட்டரி அதற்குக் கொறிக்கக்கூடக் காணாது. மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது. அந்த எஞ்சினைச் சும்மா கிடப்பதிலிருந்து காப்பாற்றத்தான் அவர் அந்த யோசனையைச் சொன்னார் என்று பிறகுதான் புரிந்தது.

இரண்டாவது யோசனை உடுமலையில் ஒரு கடையில் கிடைத்தது. "இன்வெர்ட்டர் 5 கேவிஏ, அப்ப ஜெனரேட்டரும் 5 கேவிஏ எடுத்துருங்க." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் வாங்குகிறார்கள். நானும் ஏறக்குறைய வாங்கியிருப்பேன். பணம் எடுத்துப் போகாதது நல்லதாகப் போயிற்று.

மூன்றாவது யோசனை எதுவும் வாங்காமல் முதலில் சோதித்துப் பார்ப்பது. இது என் சொந்த யோசனை. கோவில்கடவில் மைக்செட் போடுகிற அண்ணன் ஒருவர், சத்தமே வராத 2 கேவிஏ இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் ஒன்றை வைத்திருக்கிறார். திருவிழா இல்லாத வாரம் பார்த்து இரண்டு நாளைக்கு வாங்கிவந்தேன்.

அன்று நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எனக்கு விஷயம் புரிந்தது அந்த இரண்டு நாளில்தான்.

ஜெனரேட்டரை வாசலில் வைத்து, அதன் ஒயரை இன்வெர்ட்டரின் ஏசி இன்புட்டில் கொடுத்தேன். கரண்டு கம்பெனி லைன் வரவேண்டிய இடம் அது. ஐந்து வருடமாகக் காலியாக இருந்தது. ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்தேன். இன்வெர்ட்டர் அரை நிமிடம் யோசித்தது, உள்ளே டக் என்று ரிலே விழுந்தது, ஜெனரேட்டர் ஒருமுறை உறுமி, சிவப்பு விளக்கு எரிந்து, கரண்டு நின்றது. எஞ்சின் மட்டும் ஓடுகிறது. மறுபடி முயன்றேன். மறுபடி டக், உறுமல், சிவப்பு விளக்கு.

கையேட்டை எடுத்துப் பார்த்தேன். லைனிலிருந்து சார்ஜ் செய்யும் ஆம்பியர் 30 என்று கம்பெனியிலேயே வைத்து அனுப்பியிருந்தார்கள், 11ஆம் எண் மெனுவில். பேட்டரி 52 வோல்ட்டில் இருக்கும்போது 30 ஆம்பியர் என்றால் பேட்டரிக்குள் போவது 1,560 வாட். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் ஜெனரேட்டரிடம் கேட்பது 1,750க்கு மேல். பெட்டியில் 2 கேவிஏ என்று எழுதியிருந்தாலும் தொடர்ச்சியாகக் கொடுப்பது 1,600 வாட்தான் என்று அதே பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருந்தது. அதுவும் கடல் மட்டத்தில்.

இந்த உயரக் கணக்கை கடையில் யாரும் சொல்லவில்லை. மேலே போகப்போகக் காற்று மெலிகிறது, எஞ்சின் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் பிராணவாயு குறைகிறது. ஒவ்வொரு 300 மீட்டருக்கும் மூன்றரை சதவீதம் சக்தி போகும் என்பது எஞ்சின் கையேடுகளில் இருக்கும் கணக்கு. எங்கள் 1,500 மீட்டரில் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு காலி. 1,600 வாட் ஜெனரேட்டர் இங்கே 1,330 வாட். கோவில்கடவில் ஒழுங்காக ஓடியது ஏன் இங்கே மூச்சு வாங்கியது என்பதற்குக் கொஞ்சம் விடை கிடைத்தது. கோவில்கடவு எங்களைவிட ஐநூறு மீட்டர் கீழே.

சார்ஜ் ஆம்பியரை 10க்கு இறக்கினேன். இன்வெர்ட்டர் ஏற்றுக்கொண்டது, சார்ஜ் ஏற ஆரம்பித்தது. ஜெயித்துவிட்டேன் என்று டீ போடப் போனேன். டீ கொதிப்பதற்குள் தண்ணீர்த் தொட்டியின் ஃப்ளோட் சுவிட்ச் விழுந்து, அரை எச்.பி. மோட்டார் தானாக எடுத்தது. ஜெனரேட்டர் மறுபடி சிவப்பு.

மோட்டாரை பேட்டரியில் ஓட்டும்போது இன்வெர்ட்டர் அலட்டிக்கொள்ளாமல் தூக்கும். ஜெனரேட்டர் ஓடும்போது ஏன் அதன் தலையில் விழுகிறது? இதற்கும் கையேட்டிலேயே பதில் இருந்தது. என்னிடம் இருக்கும் வகை இன்வெர்ட்டர், பேட்டரியில் வீட்டை ஓட்டிக்கொண்டே லைனிலிருந்து சார்ஜ் செய்யாது. லைனிலிருந்து சார்ஜ் ஆகவேண்டும் என்றால் வீட்டையே லைனுக்கு மாற்றிவிடும். அதாவது ஜெனரேட்டரை மாட்டிய நொடியில் ஃப்ரிட்ஜ், மோட்டார், கிரைண்டர், சார்ஜ் எல்லாம் அதன் மேல். மோட்டார் எடுக்கும்போது மூன்று நாலு மடங்கு கரண்டு இழுக்கும். அந்த ஒரு நொடிக்காகத்தான் கடைக்காரர் சொன்ன 5 கேவிஏ தேவைப்படுகிறது. மிச்ச நேரமெல்லாம் அந்த 5 கேவிஏ எஞ்சின் கால் சுமையில் பெட்ரோலைக் குடித்துக்கொண்டு ஓடும்.

அப்போதுதான் தோன்றியது. ஜெனரேட்டருக்கு வீட்டோடு எந்த சங்காத்தமும் வேண்டாம். வீட்டை எப்போதும்போல இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்தே ஓட்டட்டும். ஜெனரேட்டர் ஒரு தனி சார்ஜருக்கு மட்டும் கரண்டு கொடுக்கட்டும், சார்ஜர் நேராக பேட்டரிக்குப் போகட்டும். மோட்டாரின் உதைப்பை பேட்டரி வாங்கிக்கொள்ளும். ஜெனரேட்டருக்குத் தெரிவதெல்லாம் ஆடாத அசையாத ஒரே சுமை. அந்தச் சுமை எவ்வளவு என்பதை நான் முடிவு செய்யலாம், மோட்டார் இல்லை.

ஆக முதலில் வாங்கவேண்டியது சார்ஜர். எத்தனை ஆம்பியர் என்று யோசித்தேன். மூடாக்கு நாளில் எனக்கு வேண்டியது 5 யூனிட். அந்தச் சத்தத்தை என்னால் தாங்க முடிவது நாலு மணி நேரம். ஐந்தை நாலால் வகுத்தால் 1,250 வாட். ஓடும் நேரத்தில் வீட்டுக்கும் கொஞ்சம் போகும். 25 ஆம்பியர் போட்டால் 53, 54 வோல்ட்டில் 1,340 வாட் வருகிறது. பேட்டரிக்கு இது ஒன்றுமே இல்லை. இரண்டும் சேர்ந்து 200 ஏ.எச்., அதில் எட்டில் ஒரு பங்கு வேகம்தான்.

சார்ஜர் வாங்கும்போது இரண்டு விஷயம் பார்த்தேன். ஒன்று, வோல்ட்டேஜைத் திருப்பி வைக்கும் வசதி. லித்தியத்துக்கு என்று விற்கும் பல சார்ஜர்கள் 58.4 வோல்ட்டில் நிற்கும், அது பதினாறு செல்லையும் விளிம்புவரை நிரப்புவது. நான் 56 வோல்ட்டில் வைத்திருக்கிறேன், செல்லுக்கு 3.5. நிறைவில் பெரிய வித்தியாசம் இல்லை, செல்லுக்கு நிம்மதி. இரண்டு, பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் கரண்டில் உண்மையாக வேலைக்கு ஆகும் பங்கு. பழைய டிரான்ஸ்பார்மர் வகை சார்ஜர் 1,500 வாட் வேலைக்கு 2,300 வோல்ட் ஆம்பியர், அதாவது 2.3 கேவிஏ, கேட்கும், ஜெனரேட்டர் அந்த வீண் கரண்டையும் சுமக்கவேண்டும். பவர் ஃபேக்டர் திருத்தம் உள்ள சார்ஜர் 1,500க்கு 1,530தான் கேட்கும். ஜெனரேட்டர் பெட்டியில் கேவிஏ பெரிதாகவும் கிலோவாட் சிறிதாகவும் எழுதியிருப்பதன் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. விலையில் சில ஆயிரம் கூட ஆனது. அந்தச் சில ஆயிரத்தில் ஜெனரேட்டர் ஒரு சைஸ் குறைந்தது.

இனி ஜெனரேட்டர் கணக்கு ஒரு நிமிட வேலை. சார்ஜர் கேட்பது 1,500 வாட். உயரத்துக்காக 0.83ஆல் வகுத்தால் 1,800. எஞ்சினை நாலு மணி நேரம் முக்கி முக்கி ஓட்டக்கூடாது, எண்பது சதவீதச் சுமையில் ஓட்டலாம் என்று 0.8ஆல் வகுத்தால் 2,250. அதாவது தொடர்ச்சியாக 2.5 கிலோவாட் கொடுக்கும் பெட்ரோல் ஜெனரேட்டர். கடையில் அதை 3 கேவிஏ என்று சொல்வார்கள்.

கம்பிச் சட்டத்தில் எஞ்சின் வெளியே தெரியும் சாதா வகையா, மூடிய இன்வெர்ட்டர் வகையா என்பதில்தான் ஒரு வாரம் ஓடியது. மைக்செட் அண்ணனுடையதைக் கேட்ட காது, இன்வெர்ட்டர் வகைக்கே வாக்களித்தது. ஆனால் அந்த வகையின் பெருமையே சுமை குறையும்போது எஞ்சின் வேகத்தைக் குறைத்துக்கொள்வதுதான். என் சார்ஜர் நாலு மணி நேரமும் ஒரே சுமையைத்தான் வைக்கும். வேகத்தைக் குறைக்க அதற்குச் சந்தர்ப்பமே வராது. சுத்தமான அலைவடிவம் என்பது அடுத்த பெருமை. இந்த சார்ஜர் 90 வோல்ட்டிலிருந்து 264 வோல்ட் வரை எதையும் விழுங்கும், அலை கொஞ்சம் கோணலாக இருந்தாலும் கவலைப்படாது. எனக்குச் சொன்ன விலைகளில் இன்வெர்ட்டர் வகை கிட்டத்தட்ட இரட்டிப்பு. சாதா வகையில், வோல்ட்டேஜை நிலையாக வைக்கும் ஏவிஆர் உள்ளதாகப் பார்த்து எடுத்தேன். 45 கிலோ, கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது, 3000 சுற்று. பக்கத்து வீடு ஒட்டி இருந்திருந்தால் மறு யோசனை இல்லாமல் மற்றதை வாங்கியிருப்பேன். எனக்குப் பக்கத்து வீடு இரண்டு பாத்தி தள்ளி.

ஒயரிங் ஒரு மத்தியான வேலை. சார்ஜரிலிருந்து பேட்டரி பஸ்பாருக்கு (பேட்டரி ஒயர்களெல்லாம் வந்து சேரும் உலோகப் பட்டை) 10 சதுர மில்லிமீட்டர் கேபிள் இரண்டரை மீட்டர், நடுவில் 40 ஆம்பியர் டிசி பிரேக்கர். வீட்டு போர்டில் மாட்டும் சாதாரண எம்சிபியை இந்த இடத்தில் போடக்கூடாது. ஏசி போல டிசியில் கரண்டு விநாடிக்கு நூறு தடவை பூஜ்யத்துக்கு வந்து போவதில்லை, திறந்த வாயில் தீப்பொறி அணையாமல் நிற்கும். சோலார் சார்ஜரும் இதுவும் ஒரே பஸ்பாரில் இருப்பதில் பிரச்சினை இல்லை. இரண்டும் தன் தன் வோல்ட்டேஜ் வந்ததும் ஒதுங்கிக்கொள்கின்றன. வீட்டு ஒயரிங்கை ஜெனரேட்டர் தொடுவதே இல்லை என்பதால் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் செலவும் இல்லை.

இடம் பார்ப்பதில் பக்கத்துத் தோட்டத்துச் சேட்டன் பூண்டு காயப்போடும் கொட்டகைக்குள் வைக்கச் சொன்னார், மழை படாது என்று. கொட்டகையை ஒட்டித்தான் ஆள் படுக்கும் அறை. பெட்ரோல் எஞ்சின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனை இல்லை; தலைவலி என்று நினைத்துக்கொண்டே ஆள் போய்விடுவான். வீட்டிலிருந்து 15 மீட்டர் தள்ளி, மேலே மட்டும் தகரம் போட்டு, நாலு பக்கமும் திறந்த பந்தலாகப் போட்டேன்.

முதல் நாள் ஓட்டம் இருபது விநாடி. கயிறு ஒரு இழுப்பில் எடுத்தது, ஓடியது, நின்றது. மறுபடி இருபது விநாடி, நின்றது. பெட்ரோல் இருக்கிறது, பிளக் புதிது. கடைக்குப் போன் செய்தால் கொண்டுவாங்க பார்க்கலாம் என்றார்கள். சின்னாறு வழியாக நாற்பது கிலோமீட்டருக்கு மேலே கொண்டை ஊசி வளைவுகள், 45 கிலோ. டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். எஞ்சின் எண்ணெய் கோட்டுக்குச் சரியாக இருந்தது. அப்புறம்தான் அந்த டிப்ஸ்டிக் ஓட்டையில் எண்ணெய் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பது கண்ணில் பட்டது. எண்ணெய் குறைந்தால் எஞ்சினைத் தானாக நிறுத்தும் உணர்கருவி ஒன்று கிரேங்க் கேஸுக்குள் இருக்கிறது. தரை சரிந்திருந்தால் எண்ணெய் மறுபக்கம் ஒதுங்க, கருவி எண்ணெய் இல்லை என்று நினைத்துக்கொள்ளும். எங்கள் ஊரில் சமமான தரை என்று சொல்லிக்கொள்ள பள்ளிக்கூட மைதானம்தான் உண்டு. கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கிவந்து, இரண்டு கல் பலகையை மண் போட்டு மட்டம் பார்த்து, அதன் மேல் தூக்கி வைத்தேன். ஒரே இழுப்பு. நிற்கவே இல்லை.

சரியான முதல் ஓட்டம் கார்த்திகையில். மத்தியானம் மூன்று மணிக்கு பேட்டரி 22 சதவீதம். ஜெனரேட்டரை இரண்டு நிமிடம் வெறுமனே ஓடவிட்டு, பிறகு சார்ஜரைப் போட்டேன். நடுவில் மாட்டியிருந்த மீட்டர் 1,480 வாட், 221 வோல்ட் காட்டியது. பவர் ஃபேக்டர் 0.98. எஞ்சின் சத்தம் ஒரு படி கனத்தது, அவ்வளவுதான், அதற்குப் பிறகு மாறவே இல்லை. வேண்டுமென்றே அம்மாவைக் கிரைண்டர் போடச் சொன்னேன். மோட்டாரையும் போட்டேன். மீட்டரில் 1,480 அசையவில்லை. ஏழு மணிக்கு பேட்டரி 71 சதவீதம். டேங்கை மறுபடி நிரப்பியபோது பிடித்தது 3.3 லிட்டர். பேட்டரியில் சேர்ந்த ஒரு யூனிட்டுக்கு 65 ரூபாய்க்கு மேல் ஆகிறது. இந்த விலைக்கு யாரும் வீட்டை ஓட்ட முடியாது, மழை நாளுக்குச் சரி.

71ல் ஏன் நிறுத்தினேன் என்று மச்சான் கேட்டார். அவர் வீடு பெருமலைப் பக்கம், 150 ஏ.எச். டியூபுலர் (ஈய அமில வகை) பேட்டரி நாலு வைத்திருக்கிறார். லித்தியத்தை நூறு வரை நிரப்பியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாளை வெயில் வந்தால் அது உட்கார இடம் வேண்டும். பெட்ரோல் போட்டு நிரப்பிவிட்டு வெயிலைத் திருப்பி அனுப்பினால் வயிறு எரியும். அதனால் அன்றைய வெயில் எவ்வளவு கொடுத்தது என்று தெரிந்த பிறகு, மூன்று மணிக்கு மேல், ராத்திரிக்கும் மறுநாள் காலைக்கும் தேவையான அளவு மட்டும் ஏற்றுகிறேன்.

மச்சானுக்கு நான் சொன்னது இதற்கு நேர் எதிர். ஈய அமிலப் பேட்டரியை அரைகுறையாகவே வைத்திருந்தால் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும், அதை அடிக்கடி முழுதாக நிரப்பவேண்டும். ஆனால் எண்பது சதவீதத்துக்கு மேல் அது கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாங்கும், கடைசி இருபதுக்கு மணிக்கணக்கு ஆகும். அந்த நேரத்தில் ஜெனரேட்டர் பாதிச் சும்மா ஓடும். ஆக டியூபுலர் வைத்திருப்பவர் காலையில் ஓட்டி எண்பது வரை ஏற்றிவிட்டு, கடைசி இருபதை மூடாக்கு வெயிலுக்கு விடவேண்டும். மெதுவாக வாங்குவதும் மெதுவாகக் கொடுப்பதும் ஒன்றுக்கொன்று பொருந்திப்போகும். அவருடைய பேட்டரிக்கு 15 ஆம்பியர் போதும், பத்தில் ஒரு பங்கு. என் சார்ஜரையே கேட்டார். அதன் 25 ஆம்பியர் அவருக்கு அதிகம், 56 வோல்ட் அவருக்குப் போதாது. சார்ஜர் அவரே வாங்கினார், ஜெனரேட்டர் என்னுடையது போய்வருகிறது.

இருட்டிய பிறகு ஓட்டக்கூடாது என்பதை ஒரு யானை கற்றுக்கொடுத்தது. சத்தம் இருந்தால் யானை கிட்டே வராது என்று எல்லோரும் சொன்னார்கள். மார்கழியில் ஒருநாள் தாமதமாகி எட்டு மணி வரை ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தப் போனபோது பந்தலுக்குக் கீழே பீன்ஸ் கொடி ஏற்றிய கம்புகள் ஒரு வரிசை சாய்ந்து கிடந்தன, சாணம் இன்னும் ஆவி பறந்தது. சாதாரணமாக ஒரு கிளை முறிந்தாலே நாய் குரைக்கும், நாங்கள் டார்ச்சோடு வெளியே வருவோம். அன்று எஞ்சின் சத்தத்தில் நாய்க்கும் கேட்கவில்லை, எங்களுக்கும் கேட்கவில்லை. ஏழு மணி என்பது அன்றிலிருந்து சட்டம்.

தை முதல் வைகாசி வரை நல்ல வெயில், ஜெனரேட்டரைத் தொடவே இல்லை. ஆனி கடைசியில் ஒரு வாரம் சாரல், கயிற்றை இழுக்கிறேன், தோள் கழன்றதுதான் மிச்சம். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினேன். ஒரே போல்ட்தான். உள்ளே பெட்ரோல் தேன் நிறத்துக்கு மாறியிருந்தது, அடியில் ஜவ்வரிசி மாதிரி நீர் முத்துகள் உருண்டன, விளிம்பில் பச்சையாக ஏதோ பூத்திருந்தது. இப்போது பங்கில் கிடைப்பது இ20, ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எங்கள் மஞ்சுக்கு இழுக்கக் கேட்கவா வேண்டும். கிளட்ச் கேபிளிலிருந்து ஒரு இழை பிரித்து, பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் ஓட்டையில் விட்டு எடுத்தேன். கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தது. கிண்ணத்தைத் துடைத்து மாட்டி, டேங்கைக் காலி செய்து புதுப் பெட்ரோல் ஊற்றியதும் மூன்றாவது இழுப்பில் எடுத்தது. ஸ்பார்க் பிளக்கையும் பார்த்தேன், கரி படிந்து கறுப்பாக இருந்தது. உயரத்தில் காற்று குறைய, பெட்ரோல் மட்டும் பழைய அளவிலேயே போவதால் வரும் கரி. சிறிய ஜெட் போட்டால் சரியாகும் என்கிறது கையேடு. எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. பிரஷ் போட்டுத் தேய்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது ஒவ்வொரு முறையும் நிறுத்தும்போது சுவிட்சைத் தொடுவதில்லை. சார்ஜரைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை காத்திருக்கிறேன். பெட்ரோலும் தேவைக்கு மட்டும்தான். பங்கில் பிளாஸ்டிக் கேனில் ஊற்றமாட்டார்கள், அதற்காக மூடி இறுகும் தகரக் கேன் ஒன்று வாங்கினேன். மாதத்துக்கு மேல் மிஞ்சினால் ஜீப்புக்குப் போகாது, அது டீசல்; பைக் குடித்துவிடும்.

இந்த ஐப்பசியோடு ஒரு வருடம். நோட்டுக் கணக்குப்படி 14 தடவை, 53 மணி நேரம், 44 லிட்டர். மச்சான் ஓட்டியது இதில் சேராது, அவர் எழுதிவைப்பதில்லை. 20 மணி நேரத்தில் முதல் எண்ணெய் மாற்றினேன், வெளிச்சத்தில் பிடித்தால் மினுமினுவென்று உலோகத் தூள் மிதந்தது. புது எஞ்சினுக்கு அது வழக்கம். அடுத்தது 100 மணி நேரம் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது. எனக்கு ஆறு மாதம்தான் முந்துகிறது. எண்ணெய் வாங்கி வைத்தாகிவிட்டது, ஜெனரேட்டர் இன்னும் பெருமலையில் இருக்கிறது.